வினாவும் நம்முடையதே

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம் மக்களிடையே நெடுநாளாக ஒரு முறையீடு வழங்கி வருகின்றது. "பிள்ளை மலாய் வாசிக்கின்றான், ஆங்கிலம் எழுதுகின்றான், சோதனையில் புள்ளியும் வாங்குகின்றான், ஆனால் நாலு பேர் நடுவே ஒரு வார்த்தை பேசு என்றால் ஊமையாகி விடுகின்றான்" என்பதே அம்முறையீடு. ஜாசினில் கேட்டாலும் இதுதான். அலோர் காஜாவில் கேட்டாலும் இதுதான். தெபோங்கில் கேட்டாலும் இதுதான். இதற்கு மருந்து சொல்ல வருவோர் மூவகையினர். இலக்கணம் போதவில்லை என்பார் ஒரு சாரார். இரவு வகுப்புக்குப் பணங் கட்டுக என்பார் மற்றொரு சாரார். பிள்ளைக்குக் கூச்சம், அது பிறவிக் குணம் என்று சொல்லிக் கையை விரிப்பார் மூன்றாமவர். இம்மூவர் கூற்றும் பொருந்தாது என்பதே நம் கட்சி.

நம் பிள்ளைகள் கூச்சமுடையவர்களா? ஐயமுள்ளவர்கள் மாலை வேளையில் பந்தாடும் திடலுக்குச் சென்று பார்க்கட்டும். அங்கே ஆட்டத்தில் தவறு நேர்ந்தால் நம் பிள்ளைகள் வாதாடும் அழகைப் பார்த்தால் வழக்கறிஞரும் வாய் பிளப்பர். திடலில் இல்லாத கூச்சம் வகுப்பறையில் மட்டும் எங்கிருந்து வந்தது? பிள்ளையின் வாயைக் கட்டுவது பிறவிக் குணம் அன்று. உரையாடல் என்னும் பெயரால் அவனுக்குக் கற்பிக்கப்படும் பாடமே. அப்பாடம் விடை சொல்ல மட்டும் பழக்குகின்றது, வினவப் பழக்குவதில்லை. பாதி உரையாடலைக் கற்பித்துவிட்டு முழு உரையாடலை எதிர்பார்ப்பது, ஒரு பக்கத்துக்கு மட்டும் துடுப்பைக் கொடுத்துப் படகை நேரே செலுத்து என்பது போலாகும்.

அப்பாடம் நடைபெறும் விதத்தைச் சற்றே நோக்குவோம். ஆசிரியர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "இஃது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்கின்றார். அஃது என்னவென்று அவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். பிள்ளைகள் ஒரே குரலில் "இது புத்தகம்" என்கின்றனர். அடுத்து, மூன்றாண்டாகத் தம்மிடம் படிக்கும் மாணவியைப் பார்த்து "உன் பெயர் என்ன?" என்கின்றார். அவளும் தன் பெயரைச் சொல்கின்றாள். பிறகு பாடநூலில் அச்சிட்ட உரையாடல் வருகின்றது. ஒருவன் கடைக்காரன், மற்றவன் வாங்குபவன். எட்டு வரியையும் இருவரும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். கடைக்காரனாக நிற்பவன் ஐந்தாவது வரியை விட்டுவிட்டு ஆறாவது வரியைச் சொன்னாலும், வாங்குபவன் தன் வரியைச் சிறிதும் மாற்றாமல் சொல்லி முடிக்கின்றான். விலை சொல்லாமலே பொருள் கைமாறிவிடுகின்றது! இதற்குக் கை தட்டலும் கிடைக்கின்றது. இஃது உரையாடலா? இரண்டு கிளிகளை ஒரே கூண்டில் அடைத்து வைத்தால் அதற்குப் பெயர் சம்பாஷணையா என்று கேட்கின்றோம்.

நாம் எல்லா ஆசிரியரையும் குறை கூற வந்தோமல்லோம். தம்மால் இயன்றதைத் தம் கைப்பணம் செலவிட்டும் செய்கின்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கின்றனர். முறையைத்தான் சாடுகின்றோம், மனிதரை அன்று.

இம்முறையின் விளைவைக் காண வேண்டுவோர் தோட்ட ஆபீசின் சன்னலண்டை ஒரு நாள் நின்றாற் போதும். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. பதினோராண்டு பள்ளி சென்ற இளைஞன் ஒருவன் தன் சம்பளச் சீட்டைக் கொண்டு வருகின்றான். அதில் உள்ள மலாய்ச் சொற்கள் அனைத்தையும் அவன் வாசிப்பான். ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்று அறிவான். இம்மாதம் ஏதோ ஒன்று குறைந்திருக்கின்றது என்பதையும் அறிவான். ஆனால் நிர்வாகியின் முன் சென்று "இது ஏன் குறைந்தது?" என்று கேட்க அவனால் இயலவில்லை. மலாயிலும் இயலவில்லை, ஆங்கிலத்திலும் இயலவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி விடுகின்றான். வாசிக்கத் தெரிந்தவன் இழந்தது கூலியின் ஒரு பகுதி. அதை இழக்கச் செய்தது ஒரே ஒரு வினா.

மருத்துவமனையிலும் இதே கதைதான். பாட்டியை அழைத்துச் செல்லும் பன்னிரண்டு வயதுப் பேத்திதான் அங்கே மொழிபெயர்ப்பாளர். டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவள் ஆம், இல்லை என்று தலையசைத்து விடுகின்றாள். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளையும் வாசித்து விடுகின்றாள். "பாட்டி முன்பே சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகின்றார், அதனோடு இதையும் சாப்பிடலாமா?" என்ற கேள்வியோ அவள் நெஞ்சிலேயே நின்று விடுகின்றது. நல்ல புள்ளி வாங்கிய பெண்தான்! ஆனால் டாக்டரைக் கேள்வி கேட்கலாம் என்று எந்தப் பாடமும் அவளுக்குச் சொன்னதில்லை.

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த இலக்கணத்தை நினைவு கூர்வது பொருந்தும். இலக்கணம் படித்தால் பேச்சு வரும் என்று சொல்லும் பண்டிதர்கள், நன்னூலை மனப்பாடம் செய்தார்களே அன்றி, அது கூறுவதை எண்ணிப் பார்த்தார்களில்லை. பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் அறிந்ததையே பிறனிடம் கேட்பது அறி வினா. அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று தெளியக் கேட்பது ஐய வினா. ஒன்றைப் பெறுவதற்குக் கேட்பது கொளல் வினா. ஒன்றைக் கொடுப்பதற்குக் கேட்பது கொடை வினா. ஒரு காரியத்தைச் செய்விக்கக் கேட்பது ஏவல் வினா. இவ்வாறனுள் நம் வகுப்பறையில் வழங்குவது எது? அறி வினா ஒன்றே! அதையும் கேட்பவர் ஆசிரியர், பிள்ளை அல்லன். சம்பளச் சீட்டுக்கு வேண்டியது அறியா வினா. மருந்துக்கு வேண்டியது ஐய வினா. கடைக்கு வேண்டியது கொளல் வினா. புதிதாய் வந்து சேர்ந்த அண்டை வீட்டுக்காரரிடம் "குடை வேண்டுமா?" என்று கேட்டு நட்புக் கொள்ள வேண்டியது கொடை வினா. இவற்றுள் ஒன்றையேனும் பிள்ளை தன் வாயால் கேட்டுப் பழக நம் பாடவேளையில் இடம் உண்டா?

விடையைப் பற்றியும் நன்னூலார் கூறியுள்ளார். "நாளை வருவாயா?" என்பதற்கு "வருவேன்" என்பது மட்டுமா விடை? "வரமாட்டேன்" என்பதும் விடை. "நீயே வா" என்பதும் விடை. "வராமல் இருப்பேனோ?" என்று திருப்பிக் கேட்பதும் விடை. "கால் வலிக்கின்றது" என்பதும், "வந்தால் கால் வலிக்கும்" என்பதும், "மறுநாள் வருகின்றேன்" என்பதும் விடையே. சுட்டிக் காட்டுவதையும் சேர்த்து எட்டு வகை என்றார். வினாவுக்கு எதிராக எழும் வினாவும் விடையாகும் என்று அவருக்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பியர் கூறிவிட்டார். இத்துணை நுட்பமாகப் பேச்சை ஆராய்ந்த மொழிக்கு உரிய பிள்ளைகள், பிற மொழி கற்கப் புகுந்தவுடன் "முழு வாக்கியத்தில் விடை சொல்" என்ற ஒரே கட்டளைக்கு அடங்கி, "ஆம், நான் நாளை வருவேன்" என்ற ஒரே விடையோடு நிற்பது நகைப்புக்கு இடமன்றோ? உலகத்தில் எந்த ஆங்கிலேயன், எந்த மலாய்க்காரன் அப்படிப் பேசுகின்றான்?

நிற்க. இப்பாதி உரையாடல் நம் தோட்டங்களில் புதிதாய்த் தோன்றியது அன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மலாயாவில் ரப்பரை முதன்முதல் வாணிகப் பயிராக நட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் அப்பயிரைத் தொடங்கினார். பின்னர் அது புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக நம்மவர் கப்பலேறி வந்தனர்; அவர்களை வேலை வாங்க வெள்ளைத் துரைமார் வந்தனர். துரைக்குத் தமிழ் தெரிய வேண்டியிருந்தது. அவருக்கெனச் சம்பாஷணைப் புத்தகங்கள் அச்சாயின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்காகக் கொழும்பிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பெர்குசன் என்பவர் வெளியிட்ட சிறு நூலொன்று உண்டு. சின்னத் துரையின் சட்டைப்பைக்கு ஏற்ற தமிழ் வழிகாட்டி அது. அதன் தலைப்பு யாது? "இங்கே வா!" என்பதே அதன் தலைப்பு.

அத்தலைப்பைத் தோழர்கள் இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். உரையாடல் கற்பிக்க வந்த நூலின் முதற்சொல் ஏவலாக இருக்கின்றது. "இங்கே வா" என்றால் எதிர்ச்சொல் வேண்டுவதில்லை. வந்து நின்றாற் போதும். துரை கற்ற தமிழ் ஏவலும், "செய்தாயா?" என்னும் ஏவல் வினாவுமே. மலாயாவில் 1919இல் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் தமிழில் பரீட்சையும் நடத்திற்று. பரீட்சையில் தேறிய துரைக்கு, தொழிலாளி தன்னைத் திருப்பிக் கேட்கக்கூடிய வினாவுக்கு விடை சொல்லத் தெரிய வேண்டிய அவசியம் நேரவில்லை. ஏனெனில் அவ்வினாவே எழாது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்ட பேச்சு அனைத்தும் கங்காணியின் வாய் வழியாகவே செல்ல வேண்டும். கேள்வி மேலிருந்து கீழே வரும். விடை கீழிருந்து மேலே போகும். இதுவே தோட்டத்தின் இலக்கணமாயிற்று.

1923ஆம் ஆண்டில் மலாய் நாட்டில் வந்த தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தல் வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பள்ளிக்குள்ளும் பெரட்டுக் களத்தின் இலக்கணமே குடிபுகுந்தது. ஆசிரியர் கேட்பார், பிள்ளை சொல்வான். துரைமார் கப்பலேறிப் போயினர். நாடு 1957இல் விடுதலை பெற்றது. ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயன்கள் காலியாகி நம்மவர் பலர் பட்டணக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் "இங்கே வா" என்னும் புத்தகத்தின் மறுபாதியை, அதாவது அதற்குத் தலை வணங்கும் பாதியை, நாம் இன்னும் வகுப்பறையில் வைத்துக் கற்பித்துக்கொண்டிருக்கின்றோம்! துரைக்கு ஏவல் கற்பித்த நூலை ஏளனம் செய்வது எளிது. நம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலை மட்டும் கற்பிக்கும் பாடத்தை நீக்குவதன்றோ அரிது?

இத்தனைக்கும் மலாக்கா, உரையாடலுக்கே பேர்போன ஊர். 1511இல் போர்த்துகீசியர் இதனைப் பிடித்த சில ஆண்டுகளுக்குள் இங்கே வந்து எழுதிய தோமே பிரஸ் என்பவர், இத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என்று குறித்துள்ளார். அம்மொழிகளை எந்தப் பள்ளி கற்பித்தது? விலை கேட்ட வாயும் விலை சொன்ன வாயும் கற்பித்தன. அவ்வூரில் 1796இல் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. அவர் குடும்பத்தில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்திருந்தன. இளமையில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், கணக்குக்கும் பேச்சுக்கும் வேண்டுமென்று மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாயிருந்ததையும் அவரே தம் சரித்திரத்தில் எழுதி வைத்தார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் மலாய் கற்பித்தார்; அவர்கள் இட்ட பெயரே முன்ஷி.

அதே காலத்தில் சீன மொழி கற்போருக்காக உரையாடல்களையே தொகுத்து ராபர்ட் மாரிசன் என்னும் பாதிரியார் 1816இல் மக்காவில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் முயற்சியால் 1818இல் மலாக்காவில் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1843இல் அது ஹாங்காங்குக்குப் பெயரும் வரை இவ்வூரிலேயே நடந்தது. பாதிரிமார் பலர் அப்துல்லாவிடம் மலாய் பயின்றனர். அவர் எத்தகைய ஆசிரியர் தெரியுமா? மலாய்ச் சொற்களை ஆங்கில வாக்கியப் போக்கில் அடுக்கிய பாதிரியாரை "இது மலாயே அன்று" என்று நேருக்கு நேர் மறுத்தவர். மாணவர் வெள்ளையர், ஆசிரியர் மலாக்கா மண்ணின் மைந்தர், இருவரும் கேட்டனர், இருவரும் மறுத்தனர், மொழி வளர்ந்தது. இருநூறு ஆண்டுகட்கு முன் நம் ஊரில் இருந்த முறை இது. இதை விட்டுப் பெரட்டுக் கள முறையைப் பற்றிக்கொண்டோமே, ஏன்?

இனி, நம்மை எதிர்ப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"முதலில் வாசிக்கட்டும், பேச்சு பிறகு வரும்" என்பது ஒன்று. இது வெறும் பேச்சன்று. இதற்குப் பெரியோர் ஆதரவும் உண்டு. வங்காளத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வெளிவந்த தம் நூலில் வாசிப்புக்கே முதலிடம் கொடுத்தார். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் இடையிலே படிப்பை நிறுத்தி விடுகின்றனர். அவர்கட்கு எஞ்சி நிற்கக்கூடியது வாசிக்கும் ஆற்றல்தான் என்பது அவர் காரணம். அவர் காலத்து வங்காளக் கிராமத்துக்கு அது நேர்மையான காரணமே. ஆனால் அக்கிராமத்துப் பிள்ளையின் வீட்டு வாசலில் ஆங்கிலம் பேச எவரும் வந்து நின்றதில்லை. மெர்லிமாவ் சந்தையில் நம் பிள்ளையின் முன் மலாய் நாள்தோறும் வந்து நிற்கின்றது. ஆயர் குரோவில் வேலை தேடிச் செல்லும் நாளில் ஆங்கிலம் நேர்முகத் தேர்வில் வந்து நிற்கின்றது. மலாக்கா நகரம் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. உலகின் பல திசையிலிருந்தும் விருந்தினர் வருகின்றனர். இங்கே மொழி ஏட்டின் வழியாக வருவதற்கு முன் வாயின் வழியாக வந்து விடுகின்றது. வெஸ்டின் காலத்தவரான ஹாரல்டு பாமர் 1921இல் வாய்மொழி முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மறு ஆண்டே ஜப்பான் அரசாங்கம் அவரைத் தன் நாட்டுக்கு அழைத்துக்கொண்டது. இரு பெரியாரும் அறிஞரே. நம் நிலைமைக்கு எவர் பொருந்துவார் என்று பார்ப்பதே அறிவுடைமை. நமக்கு எளிதானவர் எவர் என்று பார்ப்பது சோம்பல்.

"பேச்சுக்குச் சோதனையில் புள்ளி இல்லையே" என்பது மற்றொன்று. இது பழைய பஞ்சாங்கம். ஆறாம் ஆண்டுச் சோதனையாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுத் தேர்வு தனித் தாளாக நடைபெறுகின்றது. ஆங்கிலத்தில் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து ஒரு பொருளைப் பற்றித் தம்முள் கலந்து பேச வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கலாம், மறுக்கலாம், ஏன் என்று கேட்கலாம். பதினேழு வயதில் அதைச் செய் என்று சோதனை கேட்கின்றது. ஏழு வயது முதல் ஒரு நாளாவது பக்கத்தில் இருப்பவனை "ஏன்?" என்று கேட்க விடாத பாடம், அன்று அவனுக்கு எப்படிக் கை கொடுக்கும்? மலாய் போதாது என்ற காரணத்தால் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அவர்களுள் மலாய் வாசிக்கத் தெரிந்தும் பேச நாவெழாதவர் பலர் என்பதை அறியாதார் யார்?

மூன்றாவது நியாயம் நம் நெஞ்சைத் தொடுவது. "பிற மொழியைப் பேச்சு மொழியாக்கினால் தமிழ் போய்விடும், மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள்" என்கின்றனர். காஜா பெராங்கில் வாழும் அம்மக்கள் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்கள் முன்னோர் கட்டியது. சைவ நெறியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். உண்மைதான். ஆனால் காரணம் எது என்று ஆராய வேண்டாவா? அவர்கள் மலாய் பேசக் கற்றதால் தமிழை இழந்தனர் என்பது, அண்டை வீட்டில் விளக்கேற்றியதால் நம் வீடு இருண்டது என்பது போல் இருக்கின்றது. தமிழகத்தோடு உறவு குறைந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து, தமிழில் பேச ஆளின்றிப் போனதே காரணம். உரையாட ஆளில்லாத மொழி வீட்டை விட்டு வெளியேறும். ஆகவே செட்டிகளின் சரித்திரம் நமக்குப் பகை அன்று, சாட்சியே. மொழி உரையாடலில் உயிர் வாழும், உரையாடல் நின்றால் உயிர் விடும் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேறில்லை.

இதே காரணத்தால், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுத் தமக்கே அரைகுறையாக வரும் ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசும் பெற்றோரையும் நாம் ஆதரிக்கோம். கதையும் வழக்கும் கேள்வியும் கேலியும் இல்லாமல், "வா, உட்கார், சாப்பிடு, படி" என்ற நான்கு ஆங்கிலச் சொற்களால் வளர்க்கப்படும் பிள்ளை, வீட்டிலேயே ஒரு சின்னத் துரையின் கீழ் வாழ்கின்றது. தமிழில் நூறு கேள்வி கேட்டுப் பழகிய வாயே பிற மொழியில் பத்துக் கேள்வி கேட்கத் துணியும்.

"ஆங்கிலத்தின் வழியே படித்து வந்த உமக்கு இதெல்லாம் எளிது" என்று நம்மை நோக்கியும் சிலர் கூறுவர். அதனாலேயே கூறுகின்றோம். அங்கே படித்தோர் பெற்ற நன்மை உயர்ந்த இலக்கண நூலால் வந்தது அன்று. விளங்கவில்லை என்றால் கையைத் தூக்கி ஆசிரியரையே கேட்கலாம் என்னும் பழக்கத்தால் வந்தது. அப்பழக்கத்துக்குப் பணம் வேண்டா, கட்டடம் வேண்டா. அஃது ஏன் செல்வர் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும்?

குறை கூறியதோடு நிற்றல் முறையன்று. செய்யத் தக்கன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, ஒவ்வொரு மொழிப் பாடத்திலும் கால்பங்கு நேரமாவது ஆசிரியர் தமக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்கலாகாது. "நேற்று மழையில் எப்படி வீடு சேர்ந்தாய்?" என்று கேட்கட்டும். விடை அவருக்குத் தெரியாது. ஆகவே உண்மையாகவே செவி கொடுப்பார். செவி கொடுப்பார் இருந்தால் பிள்ளை பேசும்.

இரண்டாவது, பிள்ளைகள் இருவருக்கும் ஒரே தாளைக் கொடாது ஒரு செய்தியைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜாசினிலிருந்து மலாக்கா செல்லும் பேருந்தின் நேரம் ஒருத்தியின் தாளில் இருக்கட்டும். கட்டணம் மற்றவளின் தாளில் இருக்கட்டும். தாளைக் காட்டலாகாது, கேட்டே அறிய வேண்டும். அங்கே மனப்பாடம் செல்லாது. கேளாதவள் பேருந்தைத் தவற விடுவாள்!

மூன்றாவது, பெயரும் ஊரும் சொல்லக் கற்பிப்பதற்கு முன்பே, விளங்காத போது சொல்ல வேண்டியதைக் கற்பிக்க வேண்டும். மலாயில் "தோலோங் உலாங் செகாலி லாகி", அதாவது தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள் என்பது. "சாயா குராங் ஃபாஹாம்", அதாவது எனக்குச் சரியாக விளங்கவில்லை என்பது. ஆங்கிலத்திலும் இவற்றுக்கு நேரான சொற்கள் உண்டு. இச்சில வாக்கியங்கள் கைவந்த பிள்ளை எந்த அலுவலகத்திலும் ஊமையாக நிற்காது. விளங்கவில்லை என்று சொல்வது தாழ்வு அன்று. விளங்காமலே தலையசைப்பதுதான் தாழ்வு.

நான்காவது, மரியாதையும் உரையாடலின் பகுதி என்று உணர்த்த வேண்டும். சந்தையில் கேட்ட "லூ", "குவா" என்னும் சொற்களோடு அரசாங்க அலுவலகத்துக்குச் செல்லும் பிள்ளை, கேள்வி நியாயமானதாக இருந்தும் வசை வாங்கித் திரும்பும். பெரியவரை "என்சிக்" என்றும் "புவான்" என்றும் அழைத்து, பணிவாகவும் உறுதியாகவும் கேட்பது ஒரு கலை. தமிழில் "நீ", "நீர்", "நீங்கள்" என்ற படிநிலை அறிந்த நம் பிள்ளைகட்கு அக்கலை எளிதில் வரும். சொல்லிக் கொடுப்பார்தான் வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளை பேசும்போது இடையிலே புகுந்து பிழை திருத்தலாகாது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும், பிறகு திருத்தலாம். நடை பயிலும் குழந்தையை ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தி, காலை நேராக வை என்று அதட்டுவார் உண்டோ?

"இதற்கெல்லாம் வசதி வேண்டுமே" என்பார்க்கு ஒன்று கூறுவோம். நூற்றைம்பதுக்குக் குறைந்த மாணவர் உள்ளவற்றை அரசாங்கம் குறைந்த மாணவர் பள்ளி என்று வகுத்துள்ளது. நம் தோட்டப்புறப் பள்ளிகள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. அதை எண்ணி நாம் பெருமூச்சு விடுகின்றோம். ஆனால் பதினைந்து பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவரும் நாள்தோறும் பேசலாம். நாற்பத்தைந்து பேர் அடைந்த பட்டணத்து வகுப்பில் அஃது இயலாது. குறை என்று நாம் கருதுவதே இவ்விஷயத்தில் நம் கையிலுள்ள முதல். அம்முதலைப் பயன்படுத்தாமல் பதினைந்து பேரையும் ஒரே குரலில் கத்த வைப்பது அறிவுடைமையாகுமா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! உங்கள் பிள்ளை இன்று பள்ளியிலிருந்து வீடு திரும்பியவுடன் "என்ன படித்தாய்?" என்று கேளாதீர்கள். "இன்று நீ ஆசிரியரை என்ன கேட்டாய்?" என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை ஏ வந்தது என்பதோடு நின்றுவிடாமல், எங்கள் பிள்ளைகள் வகுப்பில் கேள்வி கேட்க நாள்தோறும் எவ்வளவு நேரம் கொடுக்கின்றீர் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவன் நல்ல வேலையாளாகலாம். வினவத் தெரிந்தவனே தன் கூலியையும் தன் உடல்நலத்தையும் தன் உரிமையையும் காத்துக்கொள்வான். நம் பாட்டன்மார் கேட்ட "இங்கே வா"வுக்கு அவர்களால் வந்து நிற்கத்தான் முடிந்தது. நம் பிள்ளைகள் வரட்டும், வந்து, நிமிர்ந்து நின்று, "எதற்காக அழைத்தீர்கள்?" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்கட்டும்.